கிரேக்க 'நெரோ'வும் நம்ம 'நீரு'ம் ஒன்றா?

பாய்மரம்:
நவீன கிரேக்கம் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். தண்ணீருக்கு 'நெரோ' என்கிறார்கள். ஹைட்ரஜன், ஹைட்ராலிக் எல்லாம் பழைய கிரேக்கத்தில் தண்ணீரைக் குறித்த 'ஹுதோர்' வழி வந்தவை என்றுதானே படித்தோம், அந்தச் சொல் எங்கே போனது? 'நெரோ' என்பது தமிழ் 'நீர்'தான் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். சரியா?

பழஞ்சொல்:
இல்லை, ஒலி ஒற்றுமை தற்செயல். பழைய வடிவங்களைப் பாருங்கள். 'நெஅரோஸ்' என்றால் இளைய, புதிய. 'நெஅரோன் ஹுதோர்' புதுத் தண்ணீர். எ, அ இரண்டும் சேர்ந்து 'நேரோன்' ஆனது. கி.பி. 2ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர் ஃப்ரினிகோஸ் 'நேரோன் ஹுதோர்' என்று சொல்லவே கூடாது என்கிறார். ஊரே அப்படிப் பேசியதால்தானே அந்த எரிச்சல்! பிறகு 'ஹுதோர்' உதிர்ந்து அடைமொழியே தண்ணீர் ஆகிவிட்டது. 'தண்ணீ'ரில் 'தண்' மட்டும் மிஞ்சினாற்போல. பழைய ஏகாரம் பொதுவாக ஈகாரமாகிவிட்டது, ஆனால் ரகரத்துக்கு முன் பல சொற்களில் எகரமாக நின்றது: 'க்ஸேரோஸ்' (உலர்ந்த) இன்று 'க்ஸெரோஸ்'.

இதன் வேர் 'நெஓஸ்', அதாவது புதிய. வடமொழி 'நவ' அதன் உடன்பிறப்பு. ஆக, தமிழில் 'நெரோ'வுக்கு உறவு தேடினால் அகப்படுவது 'நீர்' அல்ல, வடமொழி வழி வந்த 'நவீனம்'.

கடலோடி:
'ஹுதோர்' சாகவில்லை. இன்று ஹகரம் போய் 'ஈதோர்'. தகரம் நம் 'அது'வில் வருவதுபோல. தனியாகப் பேச்சில் வராது, கூட்டுச் சொற்களில் நிறைய: குழாய் வேலைக்காரர் 'இத்ரவ்லிக்கோஸ்', குடிநீர் வழங்கல் 'ஈத்ரெஃப்ஸி'. வீட்டுச் சாமான் பக்கம் வந்தால் 'நெரோ'தான். சமையலறைத் தொட்டி 'நெரோஹீத்திஸ்'.

உச்சரிப்பில் எகரம் குறில், அழுத்தம் 'ரோ'வில். 'நீரோ' என்று இழுக்காதீர்கள். ஆங்கில 'the' போன்ற சொல்லைச் சேர்த்தால் 'தோ நெரோ', உடைமைக்கு 'தூ நெரூ', பன்மை 'தா நெரா'. பாட்டில் தண்ணீர் கேட்கும்போது ஆங்கிலப் பழக்கத்தில் உடைமை உருபைப் போட்டுவிடுவார்கள்; வேண்டாம். 'எனா புக்காலி நெரோ, பரக்கலோ', நாம் 'ஒரு பாட்டில் தண்ணீர்' என்பதைப் போலவே.

பாய்மரம்:
நன்றி. 'நெராக்கி' என்றும் கேட்டேனே?

கடலோடி:
'-ஆக்கி' சிறுமை விகுதி. கடையில் 'எனா நெராக்கி' என்றால் அளவு குறையாது, கேட்பது கனிவாக இருக்கும். பாடம் மனப்பாடமான பையனைப் பற்றி 'தோ க்ஸேரி நெராக்கி' என்பார்கள். நம்மூரில் அவனுக்குப் பாடம் தண்ணீர் பட்ட பாடு.