பிசையாத இனிப்பு பன்: புதுப்பிப்பு

500 கிராம் மைதா, 350 மில்லி பால், 80 கிராம் சர்க்கரை, 60 கிராம் வெண்ணெய், சிறிது ஈஸ்ட், உப்பு ஆகியவற்றைக் கரண்டியால் கலந்து இரவு முழுவதும் விட்டுவைக்கும் முறையை முன்பு எழுதியிருந்தேன். மறுநாளே பன் வறண்டுவிடுகிறது என்று சிலர் சொன்னதால் இதைச் சேர்க்கிறேன். அதே மைதாவில் 25 கிராமை எடுத்து, அதே பாலில் 125 மில்லி விட்டுக் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சி, கரண்டி இழுத்த தடம் மறையாமல் நிற்கும் பதத்தில் இறக்கி ஆறவைத்துக் கலந்தால், வெந்த மாவு ஈரத்தைப் பிடித்துக்கொள்வதால் பன் மறுநாளும் மெத்தென்றிருக்கும். கோடை வெக்கையில் மாவை இரவு முழுக்க வெளியே வைத்தால் புளித்துவிடும் என்பதால், சற்று உப்பியதும் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். ஒட்டுகிறதே என்று மைதா தூவ வேண்டாம். கையில் நெய் தடவிக்கொண்டால் போதும் (மணமும் கூடும்). ஓவனில் 180 டிகிரி, 20 நிமிடம் என்ற கணக்கில் மாற்றமில்லை.