மேல் குழாய்க்கு வாட்டம் வேண்டுமா, வேண்டாமா?

தணல்: விறகடுப்பு வைத்த, இறங்கிக் குளிக்கும் வெந்நீர்த் தொட்டியைப் பற்றி வட்டத்தொட்டி என்பவர் எழுதிய குறிப்பில், அடுப்பிலிருந்து தொட்டிக்குப் போகும் மேல் குழாய் மட்டமாக இருந்தாலே போதும், சூடான நீர் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று ஒரு வரி இருக்கிறது. அதை நம்பி எத்தனை பேர் நெருப்பு மூட்டப் போகிறார்களோ! பம்ப் இல்லாத அமைப்பில், குளிர்ந்த நீரைவிடச் சூடான நீர் எடை குறைந்தது என்ற சிறு வேறுபாடுதான் நீரைக் கீழ் குழாய் வழியாக அடுப்பின் நீர் அறைக்குள் இழுத்து, மேல் குழாய் வழியாகத் தொட்டிக்குத் திருப்பி அனுப்புகிறது. மேல் குழாய் தொட்டியை நோக்கி ஏறிக்கொண்டே போகாவிட்டால், சூட்டில் பிரியும் காற்றுக் குமிழிகள் நடுவழியில் தங்கி அந்த ஓட்டத்தை அடைத்துவிடும். வாட்டம், அதாவது அந்த ஏற்றச் சரிவு, வேண்டும், இதில் பேச்சுக்கே இடமில்லை.

வட்டத்தொட்டி: என் குழாய் மட்டமாகத்தான் இருக்கிறது, தொட்டியும் சூடாகத்தான் இருக்கிறது. தங்கள் அறிவியல் என் தொட்டிப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை போலும்.

தணல்: ரசமட்டம் வைத்துப் பார்த்தீர்களா, கண்ணால் பார்த்துச் சொல்கிறீர்களா? நெருப்பு நன்றாகப் பிடித்த பிறகு அடுப்புக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் ஓசை வருகிறதா? ஓட்டம் தடைப்பட்டு, உள்ளே நீர் ஆவியாகி மீண்டும் குளிர்ந்து சுருங்கும்போது வரும் ஓசை அது.

வட்டத்தொட்டி: ஓசை வராத அடுப்பு எங்கே இருக்கிறது?

ஓடுநீர்: ஒரு பம்பைப் பொருத்திவிட்டால் இந்த வழக்கே எழாதே.

தணல்: மின்சாரம் நின்றால் பம்பும் நிற்கும், எரிகிற விறகு நிற்காது. ஆகவே பம்ப் வைத்தாலும் வாட்டம் வேண்டும். இரண்டு குழாய்களிலும் வால்வு வைத்து, அவற்றை மூடியபடியே நெருப்பு மூட்டுகிற அதிபுத்திசாலிகளும் இருக்கிறார்கள். ஆவி வெளியேற வழியில்லாமல் அடுப்பே வெடிக்கும்.

வட்டத்தொட்டி: வால்வைப் பற்றி நான் எழுதவே இல்லை. அலுமினிய அடுப்பைப் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான், நான் சொல்லாததையெல்லாம் என் தலையில் கட்டினீர்கள். அதை நான் மறக்கவில்லை.

தணல்: மறக்க வேண்டாம். குளோரின் கலந்த நீர் அலுமினியத்தை அரிக்கும் என்றேன், இன்றும் அதையே சொல்கிறேன். மேல் குழாயின் வாயை மூழ்கடிக்கும் அளவுக்கு நீர் நிரம்பும் முன் நெருப்பு மூட்டினால் அந்த அடுப்பு உருகியே போகும். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், விறகுத் தணலுக்கு அது பெரிய சூடு அன்று.

கணக்கர்: குழாயை விட்டுவிட்டு விறகுக்கு வாருங்கள். 1500 லிட்டர் நீரை 15 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 40 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் வேண்டும். ஒரு கிலோ காய்ந்த விறகு சுமார் 4 யூனிட் தரும். அதில் பாதி புகைபோக்கி வழியாகப் போய்விடும் என்று வைத்துக்கொண்டால் 20 கிலோ விறகு ஆகும். ஈர விறகென்றால் இந்தக் கணக்கும் உதவாது. வாட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீருக்கு வேண்டிய வெப்பம் மாறப்போவதில்லை.

தணல்: வெப்பம் தொட்டிக்கு வந்து சேர்ந்தால்தானே அந்தக் கணக்கு? ஓட்டம் இல்லையென்றால் அடுப்புக்குள் கொதிக்கும், தொட்டியில் குளிரும். வாட்டம் இல்லாமல் கணக்குப் போடுவது ஏட்டுச் சுரைக்காய்.

வட்டத்தொட்டி: என் வெப்பமானி 38 டிகிரி காட்டுகிறது. அது ஏடா, சுரைக்காயா?

தணல்: மிதக்கும் வெப்பமானிதானே? சூடான நீர் மேலே தேங்கி நிற்பதால், அது மேற்பரப்பின் சூட்டைத்தான் காட்டும். நல்ல வாட்டமுள்ள தொட்டியிலேயே இறங்கும் முன் துடுப்பால் அடிவரை கலக்க வேண்டும். உங்கள் தொட்டியில் கலக்கிவிட்டு எத்தனை டிகிரி என்று சொல்லுங்கள்.

வட்டத்தொட்டி: கலக்குவதும் கலக்காததும் என் விருப்பம். முதலில் தங்கள் அடுப்பின் படத்தைப் போடுங்கள்; கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

ஓடுநீர்: பம்ப் இருந்தால் கலக்கவும் வேண்டாம்.

தணல்: பம்பைப் பற்றிப் பதில் சொல்லியாகிவிட்டது. படத்தைப் போடுகிறேன், ஆனால் அவர் ரசமட்டம் வைத்து எடுத்த படத்தை முதலில் போடட்டும்.

வட்டத்தொட்டி: கேட்டவர் நான். தாங்களே முதலில் போடுங்கள்.