அழைப்பில் சொன்னது ஒன்று, அருகில் போய்ப் பார்த்தது வேறு: கடலூர்ப் பகுதி ஆம்புலன்ஸ் அனுபவங்கள்

கடலூர், அவசர மருத்துவப் பயிற்றுநர்:

அவசர மருத்துவப் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் மருந்துகளின் அளவுகளை நன்றாகவே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் 108-க்கு வரும் அழைப்பில் வீட்டாரோ வழிப்போக்கரோ "மயக்கம்" என்றும் "வாயு" என்றும் "குடித்துவிட்டுக் கிடக்கிறார்" என்றும் சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டு வண்டியை விட்டு இறங்குகிறார்கள். அவ்வாறு சொல்லப்பட்டது பொய்த்துப்போன நிகழ்வுகளை உறுப்பினர்கள் இங்கே எழுதினால் இவ்வாண்டு மாணவர்களுக்குப் பயன்படும். நோயாளியை அடையாளம் காட்டும் விவரங்கள் மட்டும் வேண்டாம். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மழைக்காலத்தில், விடிவதற்குச் சற்று முன்னர் அழைப்பு வந்தது. பள்ளிக்குச் செல்லும் பெண், வயிற்றுவலி, வாந்தி, இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்திருந்தார்கள். நாங்கள் போனபோது அவள் தரையில் விரித்த பாயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் பாதி மூடியிருந்தன. "ராத்திரி பூரா தூங்கல சார், அதான் சொக்குது" என்றார் தாயார். நான் விரலை உயர்த்திப் பார்க்கச் சொன்னேன். இமைகள் எழவில்லை, அதற்குப் பதிலாக நெற்றியைச் சுருக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, இமைக்கு அடியில் இருந்த சிறு இடுக்கு வழியாக என்னைப் பார்த்தாள். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் அப்படிப் பார்ப்பதில்லை. ஒரே மூச்சில் எண்ணச் சொன்னபோது பத்தைக்கூட எட்ட முடியவில்லை. எச்சிலை விழுங்கவும் சிரமப்பட்டாள்.

கட்டுவிரியன் என்று நினைத்தே நடவடிக்கைகளைத் தொடங்கினோம். இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும் இந்தப் பாம்பின் கடியில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருப்பதில்லை; பல் பதிந்த தடமும் பல நேரங்களில் கண்ணுக்குத் தெரியாது. விடியற்காலை வயிற்றுவலி, பிறகு இமை இறக்கம், அதன்பின் மூச்சுத் தசைகளின் முடக்கம் என்ற வரிசையை இந்த மாவட்டத்தில் பணிசெய்ய வரும் எந்த மாணவரும் மறக்கக் கூடாது. அவளை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, வாயில் தேங்கிய எச்சிலை உறிஞ்சி எடுத்து, நஞ்சுமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் தயாராக இருக்க வேண்டும் என்று மருத்துவமனைக்கு முன்கூட்டியே தெரிவித்தோம். பாதி வழியில் மூச்சு தளர்ந்ததால் மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டேதான் போய்ச் சேர்ந்தோம். சில நாட்கள் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்துக்கொண்டாள்.

இதில் மாணவர்கள் இரண்டு இடங்களில் இடறுவார்கள். இருபது நிமிட இரத்த உறைவுச் சோதனையில் இரத்தம் உறைந்துவிட்டால் விஷம் இல்லை என்று முடிவுகட்டுவது முதலாவது. அந்தச் சோதனை கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடிகளுக்கு உதவும்; நரம்பைத் தாக்கும் கட்டுவிரியன் கடியில் இரத்தம் வழக்கம்போல உறையும். இரண்டாவது, முழுவதும் முடங்கியவரின் கண்மணி அசையாமல் இருப்பதைக் கண்டு உயிர் போய்விட்டதாக எண்ணிவிடுவது. அவருக்கு நீங்கள் பேசுவது கேட்டுக்கொண்டிருக்கலாம். மூச்சைக் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் சிகிச்சை. பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுவரவும் யாரையும் அனுப்பாதீர்கள். நம் நாட்டு நஞ்சுமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுகிறது. பாம்பைத் தேடப் போனவர் இன்னொரு கடியோடு வருவதுதான் மிச்சம். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்திருக்கிறது. வயிற்றுவலி என்று எழுதி முடிக்கும் கேஸ் அந்தக் கணக்கிலும் வராது.

கடலூர் முதுநகர், ஆம்புலன்ஸ் பணியாளர்:

பேருந்து நிலையத்தில் ஒருவர் குடித்துவிட்டு ரகளை செய்வதாக அழைப்பு வந்தது. நாங்கள் போனபோது கூட்டம் சிரித்துக்கொண்டு நின்றது. யாரோ முகத்தில் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். சட்டை முழுதும் நனைந்திருந்ததற்கு அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று முதலில் தோன்றியது. ஆனால் முதுகிலும் இடுப்பிலும்கூட வியர்வை வழிந்தது, கை சில்லிட்டிருந்தது. சட்டைப் பையில் மாத்திரை அட்டை இருந்தது: சர்க்கரையைக் குறைக்கும் கிளிபென்கிளமைடு. விரலைத் துடைத்துச் சர்க்கரை பார்த்தால் கருவியில் எண்ணே வரவில்லை, "லோ" என்று காட்டியது. நரம்பில் வென்ஃப்ளான் ஊசிக்குழாய் போட்டு, கட்டுப்பாட்டு மைய மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) 100 மில்லி கொடுத்தோம். ஊசி முடிவதற்குள் மனிதர் எழுந்து உட்கார்ந்து, தம் பை எங்கே என்று கேட்டார். மதுவாடையும் இலேசாக இருந்தது உண்மைதான். குடித்தவருக்குத்தான் சர்க்கரை இன்னும் எளிதாகத் தாழும் என்பதால், வாடை அடிக்கிறது என்பது சோதனையை விட்டுவிடுவதற்குக் காரணமாகாது.

அவர் அங்கேயே இறங்கிப் பண்ருட்டிப் பேருந்தில் ஏறப் போவதாகச் சொன்னார், நாங்கள் விடவில்லை. அந்த வகை மாத்திரையின் வேலை நீண்ட நேரம் நீடிப்பதால், ஏற்றிய சர்க்கரை தீர்ந்ததும் மறுபடியும் விழுவார். நினைவில்லாதவரின் வாயில் சோடாவோ குளுக்கோஸ் தண்ணீரோ ஊற்றக் கூடாது என்பதைக் கூட்டத்துக்குச் சொல்வதும் நம் வேலைதான். மூச்சுக்குழலில் இறங்கிவிட்டால் அது வேறொரு அவசரமாகிவிடும்.

பண்ருட்டி வட்டம், ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்:

சித்திரை வெயிலில் முந்திரித் தோப்பிலிருந்து ஒருவரைத் தூக்கிவந்து, வெயில் மயக்கம் என்றார்கள். வெப்பத்தாக்கில் உடல் கொதிக்க வேண்டும். இவருக்குச் சூடு சாதாரணமாகத்தான் இருந்தது. வாயோரம் நுரைத்த எச்சில், மார்பில் கரகரப்பு, ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிய கண்மணிகள். காலையில் மருந்து அடித்தாரா என்று கேட்டதும், கூடவந்தவர் "ஆமாம், காற்று எதிர்த்து அடித்தது" என்றார். ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறும்.

முதலில் கையுறை போட்டுக்கொண்டு, அவருடைய சட்டையையும் கைலியையும் கழற்றிப் பையில் கட்டிவைத்து, தலைமுடி உட்பட உடம்பைச் சோப்பு நீரால் கழுவினோம். அந்த உடையோடு ஆம்புலன்ஸில் ஏற்றி, கதவைச் சாத்தினால் பணியாளருக்கும் தலைசுற்றும். இதைப் பலர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மருத்துவர் முறிவு மருந்தான அட்ரோபினைத் தொடங்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மார்பைக் கேட்டு, போதாதபோது முந்தைய அளவை இரட்டித்துக் கொடுத்தார். மார்பு உலர்கிறதா என்பதே இங்கு அளவுகோல். கண்மணி விரிவதற்குத் தாமதமாகலாம் என்பதால் அதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

மற்றொன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோயுள்ள ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் "வாயு அடைக்குது" என்று வந்தால், அது மாரடைப்பாகவும் இருக்கலாம் என்பதால், நெஞ்சுவலி இல்லையே என்று ஜெலுசில் கொடுத்து அனுப்பாமல், பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுங்கள். 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகியவற்றின் முதல் அளவு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கப்படுகிறது. இரத்தக் குழாயை விரிக்க நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை, நோயாளியைப் பார்த்தவுடன் கொடுத்துவிடாதீர்கள், பி.பி.யின் மேல் அளவு 90-க்குக் கீழே இருந்தால் அது ஆளையே கவிழ்த்துவிடும். இவர்களை வண்டி வரைக்கும் நடக்கவைப்பதும் தவறு.

புதுச்சேரி, இரண்டாம் ஆண்டு மாணவர்:

இவற்றையெல்லாம் படித்தபின் ஒரு ஐயம் எழுகிறது. சொன்ன எதையும் நம்பாமல் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தால் நேரம் வீணாகாதா? கோரிமேட்டில் ஜிப்மரைப் பத்து நிமிடத்தில் அடையும் தூரத்தில் இருக்கும்போது, தூக்கிப்போட்டுக்கொண்டு போவதே நல்லதல்லவா?

கடலூர், அவசர மருத்துவப் பயிற்றுநர்:

நல்ல கேள்விதான். பைலட் (வண்டி ஓட்டுநர்) ஸ்ட்ரெச்சரை இறக்கி வரும் நேரத்துக்குள் மூச்சு, நாடி, கண்மணி, சர்க்கரை, ஆக்ஸிஜன் அளவு ஆகிய ஐந்தையும் பார்த்துவிடலாம். யாரும் அதற்காக வண்டியை நிறுத்திவைக்கச் சொல்லவில்லை. சில இடங்களில் சோதனைக்கே இடமில்லை என்பதும் உண்மை. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் அலையிலிருந்து மீட்கப்பட்டவரைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கவும் வயிற்றை அமுக்கவும் ஆட்கள் முண்டியடிப்பார்கள். அவர்களை விலக்கிவிட்டு, மூச்சில்லையென்றால் முதலில் செயற்கை மூச்சு கொடுத்து, பின்பு நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை என்ற வேகத்தில், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்ற கணக்கில் மார்பழுத்தத்தைத் தொடர வேண்டும். இடையிடையே வாய் பிளந்து வாங்கும் பெருமூச்சை உயிர்மூச்சு என்று எண்ணி அழுத்தத்தை நிறுத்திவிடக் கூடாது.

ஆனால் வாய் கோணி ஒரு பக்கம் விழுந்துவிட்டவர் விஷயத்தில், தூக்கிப்போட்டுக்கொண்டு போனால் இழப்பு நிச்சயம். தாழ்ந்த சர்க்கரையும் பக்கவாதத்தைப் போலவே தோன்றும் என்பதால் விரலைக் குத்தாமல் கிளம்பக் கூடாது. சர்க்கரை சரியாக இருந்தால், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் வாய்ப்பு. அந்தக் கணக்கு, அவர் விழுந்து கிடந்ததைக் கண்ட நேரத்திலிருந்து தொடங்குவதில்லை. கடைசியாக நலமாக இருந்ததை ஒருவர் பார்த்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. காலை ஆறு மணிக்குக் கண்டதாக மகன் சொல்வார். இரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது எப்படி இருந்தார் என்று மனைவியிடம் தனியாகக் கேளுங்கள். அவர் சொல்லும் நேரத்தைக் கேஸ் தாளின் மேலே எழுதி, அவரையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.