மறு: ‘லூஸ் ஆர்ட்டிகிள்’ – ‘நழுவுபொருள்’ என்று முன்மொழிகிறேன்

குழு நண்பர்களுக்கு வணக்கம். கேளிக்கைப் பூங்காவில் தடத்தில் ஏறி இறங்கி வேகமாக ஓடும் ரோலர் கோஸ்டர் போன்ற ராட்டினங்களில், ஏறுபவரிடமிருந்து விழக்கூடிய பொருள்களை ஆங்கிலத்தில் ‘லூஸ் ஆர்ட்டிகிள்’ (loose article) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற நம் பேச்சில், நண்பர்கள் எழுதியதை மேற்கோளாக வைத்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுகிறேன்.

> ‘தடைசெய்யப்பட்ட பொருள்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. விமான நிலையத்தில் எல்லாருக்கும் பழகிய சொல்தான்.

ஐயா, இந்தச் சொல் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். விமான நிலையத்தில் தடுப்பது கத்தி, பட்டாசு போன்றவற்றை. ரோலர் கோஸ்டர் வாசலில் எடுத்து வைக்கச் சொல்வது கைப்பேசி, சாவிக்கொத்து, சில்லறை, தொப்பி, மூக்குக்கண்ணாடி, தண்ணீர் பாட்டில். தரையில் நிற்கும்வரை இவற்றால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. வண்டி மேட்டின் உச்சியைத் தாண்டிக் கீழே பாயும்போதுதான் சிக்கல். தடம் வண்டியைக் கீழே திருப்புகிறது, தடுப்புக் கம்பி நம்மை வண்டியோடு பிடித்து வைக்கிறது. சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசியைப் பிடித்து வைக்க ஒன்றுமில்லை, அது வந்த வேகத்தில் தன் வழியே போய்விடும். 30 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், தரைக்கு வரும்போது மணிக்கு ஏறத்தாழ 87 கி.மீ. வேகத்தில் இருக்கும். வண்டியின் வேகத்தை இதில் நான் சேர்க்கவில்லை. கீழே வரிசையில் நிற்கும் குழந்தையின் தலையில் அது விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் யுனிவர்சல் பூங்காவில் 2017 வரை இருந்த டிராகன் சேலஞ்ச் என்ற ரோலர் கோஸ்டரில் முன்பு இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்து மிக அருகில் விலகிச் சென்றன. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வண்டியிலிருந்து விழுந்த காசு, எதிர் வண்டியில் இருப்பவரை இரண்டு வேகமும் சேர்ந்துதான் அடிக்கும். 2011-இல் பறந்துவந்த பொருள் பட்டுப் பயணிகள் காயமடைந்த பிறகு, இரண்டு வண்டிகளையும் ஒரே நேரத்தில் எதிரெதிரே விடுவதையே நிறுத்தினார்கள். 2015-இல் அங்குள்ள பெரிய ரோலர் கோஸ்டர்களின் வாசலில் உலோகம் கண்டறியும் கருவிகள் வந்தன. ஒஹையோவின் சீடர் பாயிண்ட் பூங்காவில் ஸ்டீல் வெஞ்சன்ஸ் என்ற ரோலர் கோஸ்டருக்கான வரிசையில்கூடக் கைப்பேசி கூடாது என்று 2019-இல் விதி வந்தது. எங்கேயும் பிரச்சினை பொருளில் இல்லை, அது பிடிப்பில்லாமல் இருப்பதில்தான். அதே மூக்குக்கண்ணாடியைக் கயிறு போட்டுத் தலையோடு இறுக்கிக் கட்டிவிட்டால் பல பூங்காக்களில் அனுமதிக்கிறார்கள். ஆகவே நமக்கு வேண்டிய சொல் பொருளின் நிலையைச் சொல்ல வேண்டும், வகையை அல்ல.

> அப்படியானால் ‘உதிர்பொருள்’? உதிரிப்பூ என்று கட்டாத பூவைச் சொல்கிறோமே.

முதலில் எனக்கும் இது மிகவும் பிடித்தது. ‘கட்டப்படாதது’ என்ற பொருள் அப்படியே இருக்கிறது. ஆனால் ராட்டினம் பராமரிப்பவர்களிடம் ‘உதிரி’ என்றால் உதிரி பாகம்தான். “உதிர்பொருள் விழக்கூடும்” என்று பலகையில் எழுதினால், வண்டியிலிருந்தே ஏதோ கழன்று விழும் என்று படிப்பவர் பயப்படுவார். பாதுகாப்புப் பலகையில் அந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. ‘கழல்பொருள்’ தொப்பிக்கும் செருப்புக்கும் பொருந்தும், கைப்பேசிக்குப் பொருந்தாது. அப்புறம் ‘லூஸ்’ என்று அப்படியே எழுதுவதைப் பற்றி: தமிழ்ப் பேச்சில் அந்தச் சொல் ஒருவரை இழிவாகச் சொல்லவும் பயன்படுகிறது. அதோடு அதை விட்டுவிடலாம்.

நான் முன்வைப்பது நழுவுபொருள். பையிலிருந்து நழுவிடுச்சு, மடியிலிருந்து நழுவுது, கைநழுவிப் போச்சு என்று எல்லா ஊரிலும் சொல்கிறோம். இது வினைத்தொகை என்பது இந்த இடத்தில் பெரிய வசதி. நழுவிய பொருள், நழுவுகிற பொருள், நழுவும் பொருள் மூன்றும் அதற்குள் அடங்கும். தடத்துக்கு அடியில் கண்டெடுத்த கைப்பேசிக்கும், இன்னும் பைக்குள் இருப்பதற்கும் பராமரிப்புப் பதிவேட்டில் ஒரே சொல் போதும்.

> பொருள் சரி. வாசலில் நடப்பது ‘பாதுகாப்புச் சோதனை’தானே?

இதில்தான் எனக்கு அக்கறை அதிகம். நான் இருக்கும் பெங்களூரில் மெட்ரோவுக்குப் போனாலே பையைப் பெல்ட்டில் வைத்து, கையைத் தூக்கி நின்று சோதனை முடித்துத்தான் உள்ளே போகிறோம். சோதனை என்றால் யார்மீதோ சந்தேகம் என்று மனதில் பதிந்திருக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்திலிருந்து வேன் பிடித்துக் குடும்பத்தோடு கேளிக்கைப் பூங்காவுக்கு வருகிறவர்களை இங்கே நிறையப் பார்க்கலாம். ஒரு பூங்காவில் எனக்கு முன்னால் நின்ற அம்மா, ஊழியர் “செக்கிங்” என்றதும் கைப்பேசியைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். “வாங்கி வெச்சுக்கிட்டா திரும்பக் கிடைக்குமோ என்னமோ” என்று மகளிடம் மெல்லச் சொன்னார். அவருடைய பயம் நியாயமானது. கைப்பேசியை எடுத்து வைக்கச் சொல்வது எதற்காக என்று யாரும் அவருக்குப் புரிகிற சொல்லில் சொல்லவில்லை.

கருவி இருந்தாலும் அது உலோகத்தைத்தான் காட்டும். பிளாஸ்டிக் பாட்டில், தொப்பி, பிளாஸ்டிக் சட்டமுள்ள கண்ணாடி எல்லாம் அதற்குத் தெரியாது. மீதி முழுக்க வருகிறவர் தானாக எடுத்து வைப்பதைப் பொறுத்தது. அதனால் சொல்லைக் கேட்டவுடன் காரணம் விளங்க வேண்டும், ஒளித்து வைக்கத் தோன்றக் கூடாது.

நழுவுபொருள் சரிபார்ப்பு என்று வைக்கலாம். வண்டி கிளம்புமுன் ஊழியர் ஒவ்வொரு தடுப்புக் கம்பியையும் இழுத்துப் பார்க்கிறார், அதைத் தடுப்புக் கம்பி சரிபார்ப்பு என்கிறோம். ஆள் பிடிப்போடு இருக்கிறாரா, அவரிடம் இருப்பது பிடிப்போடு இருக்கிறதா என்று பார்ப்பது ஒரே வேலையின் இரண்டு பகுதிகள். யாரும் அதில் அவமானப்பட மாட்டார்கள். ‘லாக்கர்’ அப்படியே இருக்கட்டும். ‘பெட்டகம்’ என்றால் வங்கிதான் நினைவுக்கு வரும்.

பலகைக்கு: “நழுவுபொருள்களை லாக்கரில் வைத்துவிட்டு வாருங்கள். விழுந்தால் கீழே இருப்பவர்மீது படும்.” பெங்களூரில் தமிழ் வரி சேர்ந்தாலும் கன்னடத்துக்கும் ஆங்கிலத்துக்கும் கீழே சிறிய இடத்தில்தான் வரும், இந்த அளவு அடங்கிவிடும்.

அகராதிக்கான வரையறை: நழுவுபொருள் – ராட்டினத்தில் ஏறுபவர் உடலோடோ இருக்கையோடோ இறுக்கப்படாமல், ஓட்டத்தின்போது விலகி விழக்கூடிய எந்தப் பொருளும்.

ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. ஜிப் போட்ட பைக்குள் இருக்கும் கைப்பேசி இந்த வரையறைக்குள் வருமா? பூங்காவுக்குப் பூங்கா விதி மாறுகிறது. ‘இறுக்கப்படாமல்’ என்பதை இன்னும் கறாராக எழுத முடிந்தவர்கள் திருத்தித் தாருங்கள்.