எதிர் சீட்டு ஆச்சி கொடுத்த வத்தக்குழம்பு, அது என்ன வத்தல்? (உங்களுக்கு மறக்காத சாப்பாட்டையும் எழுதுங்கள்)

ஜன்னலோரம் எழுதியது:

எழும்பூரில் கிளம்பிய தென்மாவட்ட வண்டி. பொங்கலுக்கு முந்தைய வாரம், ஸ்லீப்பர் பெட்டி, எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். விழுப்புரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சிக்னலுக்காக நின்றது, நின்றது நின்றதுதான். விற்க வருபவர்கள் யாரும் இல்லை, எல்லோருக்கும் பசி. எதிர் சீட்டில் ஒரு ஆச்சியும் அவர் வீட்டுக்காரரும். ஆச்சி சீட்டுக்கு அடியில் இருந்து எவர்சில்வர் தூக்குவாளியை இழுத்து மூடியைத் திறந்தார். தயிர்சாதம். தாத்தாவுக்கு வைத்துவிட்டுத் தானும் சாப்பிடுவார் என்று நினைத்தேன். அவர் எங்கள் பக்கம் திரும்பி, "கையை நீட்டுய்யா" என்றார்.

உருண்டையை உள்ளங்கையில் வைப்பார். கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி. அந்தக் குழிக்குள் சின்ன டப்பாவில் இருந்து கெட்டியான வத்தக்குழம்பு, கரண்டி நுனியில் கொஞ்சம். எண்ணெய் பிரிந்து வெள்ளைச் சோற்றில் சிவப்பாக இறங்கும். மேல் படுக்கையில் ஹெட்போனோடு படுத்திருந்த கல்லூரிப் பையனும் இறங்கி வந்து கை நீட்டினான். சைடு சீட்டில் விடுப்பில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்த ராணுவக்காரர் ஒருவர் மட்டும் "வேண்டாம்மா, இருக்கட்டும்" என்றார். ஆச்சி பதில் பேசவில்லை. உருண்டையைக் கையில் ஏந்தியபடியே உட்கார்ந்திருந்தார். அவர் வாங்கிய பிறகுதான் அடுத்தவருக்குப் போனார்.

இன்றுவரை என்னை விடாதது அந்தக் குழம்பில் கிடந்த வத்தல். சுண்டைக்காய் இல்லை, மணத்தக்காளி இல்லை, இரண்டும் எங்கள் வீட்டில் எப்போதும் உண்டு. இது கொஞ்சம் நீளவாட்டில் இருந்தது. கடித்ததும் முதலில் உப்பு, அப்புறம் ஒரு கசப்பு, தயிரோடு சேர்ந்ததும் அந்தக் கசப்பே ருசியாகிவிட்டது. கேட்டேன். "எங்க ஊருல தானா கெடக்கிறதுதான்யா" என்றார். விடியற்காலையில் சாத்தூரில் இறங்கிவிட்டார்கள், நான் நல்ல தூக்கத்தில். யாருக்காவது தெரியுமா?

கரிசல்மண் எழுதியது:

மிதுக்க வத்தல். சாத்தூர் என்று சொன்னதுமே தெரிந்துவிட்டது. மிதுக்கங்காயை உப்பு மோரில் ஊறப்போட்டுக் காயவைப்பார்கள். சுண்டைக்காய் மாதிரி சென்னைக் கடைகளில் எல்லாம் கிடைக்காது, விருதுநகர், தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் சந்தையில் கேட்டால் கிடைக்கும்.

எனக்கு மறக்காத சாப்பாடும் இதுதான். காய்ச்சலில் படுத்து எழுந்த பிறகு வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. அப்பத்தா நல்லெண்ணெயில் இந்த வத்தலைப் பொரித்து, அந்த எண்ணெயோடே சுடுசோற்றில் கொட்டி, உள்ளங்கையால் நொறுக்கிப் பிசைந்து கொடுத்தது. நொறுங்குகிற சத்தம் கேட்டதுமே பசித்தது. அப்பத்தா போன பிறகு வீட்டில் யாரும் வத்தல் போடுவதில்லை.

வைப்பாற்றங்கரை எழுதியது:

அவ்வளவு உறுதியாகச் சொல்லாதீர்கள். நீளவாட்டு, கசப்பு, "தானா கெடக்கிறது", இந்த மூன்றும் சேர்ந்தால் எங்கள் பக்கம் அதலக்காய் என்றுதான் சொல்வோம். யாரும் நட்டு வளர்ப்பதில்லை. கிழங்கு மண்ணுக்குள்ளேயே கிடக்கும், ஐப்பசி மழை விழுந்ததும் கரிசலில் கொடி தானாக எழும். பாகற்காய்க்குச் சொந்தம், ஆனால் சுண்டுவிரல் நுனி அளவுதான் காய். பறித்து வைத்தால் சீக்கிரம் வெடித்துவிடும், அதனால்தான் ஊரைத் தாண்டிப் போவதில்லை. என் மாமியார் சந்தையில் வாங்கி வந்த கையோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குப் போய் எண்ணெயில் வதக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

கரிசல்மண் எழுதியது:

அதலக்காய் எனக்கும் தெரியும், எங்கள் வீட்டிலும் அதை வதக்கல்தான் செய்வோம். வெடித்துப்போகிற காயை எதற்கு வத்தல் போட வேண்டும்? ஜன்னலோரம், ஒன்று மட்டும் சொல்லுங்கள். மேலே வரிவரியாக இருந்ததா, மொழுமொழுவென்று இருந்ததா? உள்ளே விதை எப்படி?

ஜன்னலோரம் எழுதியது:

வரி இல்லை. உள்ளே பொடிப்பொடி விதைகள், வெள்ளரி விதையைச் சின்னதாக்கியது போல, பல்லில் நறநறவென்று பட்டது.

வைப்பாற்றங்கரை எழுதியது:

விதை அப்படி என்றால் மிதுக்கங்காய்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கார்த்திகை மாதம் எங்கள் பக்கம் வந்தால் அதலக்காயைச் சாப்பிட்டுப் பார்க்காமல் போகாதீர்கள்.

இரவுப்பணி எழுதியது:

வத்தல் ஆராய்ச்சி நடக்கட்டும். ஆனால் முகம் தெரியாதவர் கொடுத்ததை இத்தனை பேர் வாங்கிச் சாப்பிட்டதைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. ஸ்டேஷனில் திரும்பத் திரும்ப அறிவிக்கிறார்களே, அறிமுகமில்லாதவர்கள் தருவதை வாங்கி உண்ணாதீர்கள் என்று, அது சும்மா இல்லை. எங்கள் சித்தப்பா வடக்கே போகிற வண்டியில் பக்கத்து சீட்டுக்காரர் நீட்டிய பிஸ்கட்டைச் சாப்பிட்டார். கண் விழித்தது ஆஸ்பத்திரியில். பெட்டி, மோதிரம், கைக்கடிகாரம் எதுவும் இல்லை. சித்தி அழுதுகொண்டே போன் செய்த அந்த இரவு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதனால் கட்டுச்சோறு நாமே கட்டிக்கொண்டு போவதுதான் நல்லது. எப்படிக் கட்டுவது என்பதே இப்போது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை, எழுதிவிடுகிறேன். தயிர்சாதத்துக்குச் சோற்றைக் குழைய வேகவைத்து, சூட்டோடு காய்ச்சிய பாலை ஊற்றி மசிக்க வேண்டும். கை பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் தயிர் கொஞ்சமாக. காலையில் கட்டினால் மதியம் திறக்கும்போது சரியான பதத்தில் உறைந்திருக்கும், புளித்திருக்காது. முழுக்கத் தயிரையே ஊற்றிக் கட்டினால் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் புளிப்பு ஏறிவிடும். புளியோதரைக்குப் புளிக்காய்ச்சல் எண்ணெய் பிரியும் வரை கொதிக்க வேண்டும், நல்லெண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது, சோறு உதிரியாக ஆறியிருக்க வேண்டும், ஈரக்கை படவே கூடாது. வெறும் சோற்றையும் சாம்பார் சாதத்தையும் வண்டியில் கொண்டுபோகாதீர்கள். வேகவைத்தாலும் சாகாத பாக்டீரியா வித்துகள் சோற்றில் உண்டு, பேசில்லஸ் செரியஸ் என்று பெயர். வெதுவெதுப்பாக மூடி வைத்த டப்பாவுக்குள் அவை வேகமாகப் பெருகும். புளியின் அமிலத்தில் அவ்வளவு சுலபமாக வளராது. நம் பாட்டிமார் பயணத்துக்குப் புளிச்சோறு கட்டியதற்குக் காரணம் இருக்கிறது. இட்லி என்றால் இரண்டு பக்கமும் எண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவி அடுக்குங்கள், தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டவே வேண்டாம். வாழை இலையைத் தணலில் வாட்டிக்கொள்ளுங்கள், மடிக்கும்போது கிழியாது. மந்தாரை இலை கிடைத்தால் இன்னும் நல்லது. எதைக் கட்டினாலும் சூடு தணியாமல் மூடி போடாதீர்கள்.

பாம்பன்காற்று எழுதியது:

உங்கள் சித்தப்பாவுக்கு நடந்தது கொடுமை. ஆனால் அந்த ஆச்சி முதலில் தன் வீட்டுக்காரருக்கு வைத்துவிட்டு, அதே தூக்குவாளியில் இருந்துதான் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார். பிஸ்கட் பொட்டலம் நீட்டுகிறவரையும் இவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இங்கே யாரும் சமையல் குறிப்பும் கேட்கவில்லை.

என் அனுபவம் பொடி தடவிய இட்லிதான். சின்ன வயதில் ராமேஸ்வரம் வண்டி, விடிகிற நேரம், மண்டபம் தாண்டியதும் அம்மா பொட்டலத்தைப் பிரித்தார். வண்டி பழைய பாம்பன் பாலத்தில் ஏறியது. 1914-ல் திறந்த பாலம், பக்கத்தில் கைப்பிடிச் சுவர் எதுவும் கிடையாது, ஜன்னலில் எட்டிப் பார்த்தால் நேராகக் கடல். வண்டி நடை வேகத்தில்தான் போகும். அப்பா இட்லியை விண்டு வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டார். எப்போதும் எதையாவது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிற மனிதர், கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, கையில் இட்லியோடு, ஒரு குழந்தையின் முகத்தோடு இருந்தார். உப்புக்காற்று இலையில் அடித்து நல்லெண்ணெய் வாசனையோடு கலந்தது.

2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அதே மாதிரி இட்லி, அதே பொடி. புதுப் பாலம் நன்றாகத்தான் இருக்கிறது, வண்டியும் வேகமாகப் போகிறது. கடல் மட்டும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இல்லையே. சின்னவன் ஒரு இட்லியை முடிப்பதற்குள் கரை வந்துவிட்டது. அப்பா இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மெஸ்சாப்பாடு எழுதியது:

எல்லோரும் பயணத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் வீட்டில் சாப்பிட்டதைச் சொல்கிறேன்.

குர்கானில் வேலை, மெஸ்ஸில் சப்பாத்தி. சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு வந்தேன். மதுரையில் இறங்கிக் கிடைத்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக் கதவைத் தட்டும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. அம்மா பதறிப்போய், "இரு, தோசை ஊத்துறேன்" என்று அடுப்பைப் பற்றவைக்கப் போனார். மாவு இல்லை. அடுப்படி மூலையில் மண்பானை மூடியிருந்தது. திறந்தால் பழைய சோறு, தண்ணீர் ஊற்றி வைத்தது. இதுவே போதும் என்று உட்கார்ந்துவிட்டேன். அம்மா பானைக்குள் கைவிட்டுச் சோற்றைப் பிழிந்து பிழிந்து தட்டில் வைத்தார், மேலே நீராகாரம், ஒரு கல் உப்பு. சின்ன வெங்காயத்தைத் தரையில் வைத்து உள்ளங்கையால் ஒரு குத்து. மோர்மிளகாய் பொரித்துப் போட்டார். அந்த ருசிக்கு ஈடாக இதுவரை நான் எதையும் சாப்பிட்டதில்லை.

ஆனால் என்னை உறுத்துவது அது இல்லை. காலையில் எழுந்து வந்தால் அம்மா காட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார், வெறும் டீ மட்டும் குடித்துவிட்டு. அப்போதுதான் பக்கத்து வீட்டு அத்தை சொன்னார், "உங்கம்மா தினமும் அந்தக் கஞ்சியத்தான குடிச்சிட்டுப் போவா, நேத்து நீ குடிச்சிட்ட போல." தினமும் போனில் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று நான் கேட்பேன். இட்லி, தோசை, பொங்கல் என்று ஒவ்வொரு நாளும் ஒன்று சொல்வார்.

இரவுப்பணி எழுதியது:

படித்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்துவிட்டு வந்தேன். ஆனாலும் ராத்திரி முழுக்க வெளியே இருந்த சோறு என்பதால் சொல்கிறேன், கவனமாக இருங்கள். மேலே எழுதிய அதே பாக்டீரியாதான்.

கரிசல்மண் எழுதியது:

அதுவும் இதுவும் ஒன்றில்லை. சோற்றை அப்படியே மூடி வைப்பது வேறு, ஆறிய சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைப்பது வேறு. புளிக்கும்போது லாக்டிக் அமிலம் உண்டாகிறது, புளியோதரைக்கு நீங்கள் சொன்ன நியாயம்தான் இதற்கும். நாறாமல், கொழகொழக்காமல், இளம்புளிப்போடு இருந்தால் சாப்பிடலாம். தலைமுறை தலைமுறையாகக் காட்டுவேலைக்குப் போகிறவர்கள் இதைக் குடித்துவிட்டுத்தான் போனார்கள். மெஸ்சாப்பாடு, அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், அவருக்கு அதுதான் பிடித்தமாகக்கூட இருக்கலாம்.

மெஸ்சாப்பாடு எழுதியது:

கேட்டேன். "பிடிக்காமலா குடிக்கிறேன்" என்றார். பிடிக்கும் என்றால் என்னிடம் எதற்கு இட்லி என்று சொல்ல வேண்டும்? அதற்குப் பதில் இல்லை.

மலையடிவாரம் எழுதியது:

தாமதமாக வருகிறேன். எனக்கு அழகர்கோவில் தோசை. மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காக: ஓட்டலில் வார்க்கிற தோசை இல்லை, பெருமாளுக்குப் படைக்கிற பிரசாதம், விரல் தடிமன், தோல் உளுந்து, மிளகு, நெய். நூபுர கங்கையில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு மலை இறங்கி வந்து, ஒன்று வாங்கி மண்டபத்து நிழலில் உட்கார்ந்தேன். பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர், கையில் வெறும் சாக்குப்பை. மேலூர் பக்கத்து விவசாயி. அறுப்பு முடிந்ததும் விளைந்ததில் கொஞ்சம் கோவிலுக்குக் கொண்டுவந்து கொடுக்கிற வழக்கம், அன்று கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

என் தோசையில் பாதியை விண்டு கொடுத்தேன். வாங்கியவர் உடனே வாயில் போடவில்லை. விண்ட இடத்தை வெயில் பக்கம் திருப்பி, மாவுக்குள் கறுப்புக் கறுப்பாகத் தெரிந்த உளுந்துத் தோலை நகத்தால் தொட்டுப் பார்த்தார். "போன வருசம் நாங்க குடுத்த உளுந்தும் இதுல இருக்கும் தம்பி" என்று சொல்லிவிட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார். வருடாவருடம் போகிறவன்தான் நான், தோசைக்கான உளுந்து எங்கிருந்து வருகிறது என்று அதுவரை யோசித்ததே இல்லை. அவரைத் திரும்பப் பார்ப்பேனா என்று அறுப்புக் காலத்தில் போகும்போதெல்லாம் அந்த மண்டபத்தில் கொஞ்ச நேரம் உட்கார்கிறேன்.

இரவுப்பணி எழுதியது:

அந்தத் தோசையை வீட்டுக்கு வாங்கி வந்தால் மறுநாள் வரை தாங்குமா? வயதான மாமனார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

மலையடிவாரம் எழுதியது:

தாங்கும். நாங்கள் சென்னை வரைக்கும் கொண்டுபோயிருக்கிறோம். பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், வேர்த்துவிடும், இலையிலோ காகிதத்திலோ சுற்றுங்கள். மாமனாருக்குப் பல் எப்படி? ஆறினால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். சின்னச் சின்னதாக விண்டு கொடுங்கள், மிளகை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.