கலிஃபோர்னியா ஜூனியர் ஹை: தேர்வு விழுக்காட்டையும் மாணவர் விவரத்தையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது?

நொச்சி கேட்டது:
மகனை ஆகஸ்டில் 7-ஆம் வகுப்பில் சேர்க்கணும். டெக்சாஸிலிருந்து சாண்டா கிளாரா கவுன்ட்டிக்கு மாறுகிறோம். 7, 8 மட்டும் உள்ள இரண்டு அரசுப் பள்ளிகள் கண்ணில் இருக்கு. கணிதத்தில் ஒன்று ஏழெட்டு விழுக்காடு மேலே. கீழே இருக்கும் பள்ளியில் பொருளாதாரத்தில் பின்தங்கிய மாணவர்கள் பாதிக்கு மேல், ஆங்கிலம் கற்போரும் (ஆங்கிலம் இன்னும் சரளமாகாதவர்கள்) அதிகம். மொத்த விழுக்காட்டை வைத்தே முடிவெடுக்கலாமா? இன்னொன்று: வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். சேர்க்கையின்போது தரும் மொழிப் படிவத்தில் அப்படி எழுதினால் என்ன ஆகும்?

வேங்கை:
மொத்த விழுக்காட்டை வைத்து முடிவெடுக்காதீங்க. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பாருங்க. முதல் பள்ளியில் 200 பேர். வசதியான 160 பேரில் 75% தேர்ச்சி என்றால் 120 பேர். பின்தங்கிய 40 பேரில் 30% என்றால் 12 பேர். மொத்தம் 66%. இரண்டாவது பள்ளியிலும் 200 பேர். வசதியான 80 பேரில் 80%, அதாவது 64. பின்தங்கிய 120 பேரில் 45%, அதாவது 54. மொத்தம் 59%. இரண்டு பிரிவிலும் நன்றாகக் கற்பிப்பது இரண்டாவது பள்ளி. ஆனால் பட்டியலில் அது ஏழு புள்ளி கீழே நிற்கும்.

அதனால் மாநிலத்தின் தேர்வு முடிவுத் தளத்தில் பள்ளியைத் திறந்து, மாணவர் பிரிவு வாரியாகப் பாருங்க. இனமும் பொருளாதார நிலையும் சேர்ந்த பிரிவே அங்கே உண்டு. பெற்றோர் படிப்பு வாரியாகவும் உண்டு. உங்கள் வீட்டுக்கு ஒத்த வரிசையை இரண்டு பள்ளியிலும் எடுத்து ஒப்பிடுங்க. தேர்வெழுதியவர் 10 பேரோ குறைவோ என்றால் நட்சத்திரக் குறிதான் இருக்கும். 12, 15 பேர் உள்ள பிரிவில் எண் இருந்தாலும் நம்பாதீங்க. ஒரு பிள்ளை மாறினாலே ஏழெட்டு விழுக்காடு ஆடும்.

இரண்டே வகுப்பு உள்ள பள்ளி என்பதால் ஆண்டுதோறும் பாதிப் பேர் புதியவர்கள். இந்த ஆண்டு 8-ஆம் வகுப்பைப் போன ஆண்டு 8-ஓடு வைத்துப் பார்த்தால் வேறு பிள்ளைகளை ஒப்பிடுகிறீர்கள். போன ஆண்டு 7-ஓடு வைத்துப் பாருங்க. 'தரம் எட்டியது' என்ற கோடு கணிதத்தில் 7-க்கு 2567 மதிப்பெண், 8-க்கு 2586. கோடு உயர்ந்தும் விழுக்காடு விழவில்லை என்றால் பள்ளி வேலை செய்கிறது என்று பொருள். 7-ஆம் வகுப்பு எண்ணில் தொடக்கப் பள்ளியின் பங்குதான் பெரிது. வந்து சேரும் தொடக்கப் பள்ளிகளின் 6-ஆம் வகுப்பு முடிவையும் எடுத்து வைத்துக்கொண்டால் ஏற்றமா இறக்கமா என்று தெரிந்துவிடும்.

தாழை:
'பின்தங்கியோர்' என்ற சொல் யாரைக் குறிக்கிறது என்பதிலும் கவனம் வேண்டும். இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி (குடும்ப வருமானம் வறுமைக் கோட்டின் 185% வரை), அல்லது பெற்றோர் இருவருமே உயர்நிலைப் பள்ளி முடிக்காதவர்கள். வேறு சில வகையினரும் சேர்வார்கள். 2022-23 முதல் கலிஃபோர்னியாவில் எல்லாப் பிள்ளைக்கும் உணவு இலவசம் என்பதால், வருமானப் படிவத்தை நிரப்பாமல் விடும் வீடுகள் உண்டு. படிவம் சரியாக வராத பள்ளியில் ஏழ்மை குறைவாகப் பதிவாகும். வறுமை மிகுந்த பகுதிகளில் பள்ளி முழுவதற்கும் உணவு தரும் கூட்டரசுத் திட்டத்தில் சேர்ந்த பள்ளிகளை, சில தனியார் தளங்கள் '100% இலவச உணவு' என்று காட்டும். அதைப் பார்த்து எல்லோரும் ஏழைகள் என்று மிரள வேண்டாம்.

ஆங்கிலம் கற்போர் பிரிவின் தேர்ச்சி எப்போதும் தாழ்வாகவே தெரியும். தேறியவர் அந்தப் பட்டியலை விட்டே வெளியேறுகிறார். மாநில டேஷ்போர்டு (பள்ளிகளை மதிப்பிட்டுக் காட்டும் மாநிலத் தளம்), வெளியேறி நான்கு ஆண்டுக்குள் இருப்பவர்களையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. தேர்வு முடிவுத் தளம் இப்போதுள்ளவர்களை மட்டும் எண்ணுகிறது. இரண்டு தளத்திலும் வேறு வேறு படம் தெரிவதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, டேஷ்போர்டு விழுக்காட்டைப் பார்ப்பதில்லை, 'தரம் எட்டியது' கோட்டிலிருந்து சராசரியாக எத்தனை புள்ளி மேலே, கீழே என்று பார்க்கிறது. தேர்வெழுதியவர் 95%-க்குக் குறைந்தால், அந்த 95% நிரம்பும் வரை எழுதாதவர்களுக்கு மிகக் குறைந்த மதிப்பெண் போட்டுச் சராசரி எடுக்கிறது. எனவே பங்கேற்பு விழுக்காட்டை முதலில் பாருங்க.

நாள்பட்ட விடுப்பையும் விடாதீங்க. 180 நாள் பள்ளியில் 18 நாளோ அதற்கு மேலோ வராதவர் அதில் வருவார். ஒரே மாதிரி மாணவர்கள் உள்ள இரண்டு பள்ளிகளில் இந்த எண் பெரிதாக வேறுபட்டால், காரணத்தைப் பள்ளி அலுவலகத்திலேயே கேட்கலாம்.

குறிஞ்சி:
மொழிப் படிவம் பற்றி: உள்ளதை உள்ளபடி எழுதுங்க. நான்கு கேள்விகள். பிள்ளை முதலில் பேசிய மொழி, வீட்டில் அதிகம் பேசும் மொழி, நீங்கள் அவனிடம் பேசும் மொழி ஆகிய மூன்றில் ஒன்றுக்குத் தமிழ் என்றாலே சேர்ந்த 30 நாளுக்குள் எல்பாக் (ELPAC) என்ற ஆங்கிலத் திறன் தேர்வு வைப்பார்கள். பெரியவர்கள் தங்களுக்குள் பேசும் மொழி நான்காவது. அது மட்டும் தமிழ் என்றால் பள்ளியின் முடிவு. தேறினால் 'தொடக்கத்திலேயே சரளம்' என்று பதிந்து அதோடு விடுவார்கள். தேறாவிட்டால் ஆண்டுதோறும் தேர்வு, கூடவே தனி ஆங்கில வகுப்பு. ஜூனியர் ஹையில் இசை, கணினி போன்ற விருப்பப் பாட நேரம் ஒன்று அதற்குப் போய்விடக்கூடும். இந்தத் தேர்விலிருந்து பெற்றோர் விலக்குக் கேட்க முடியாது. அதனால் முந்தின இரவு நன்றாகத் தூங்க வைத்து அனுப்புங்க. பேச்சுப் பகுதியில் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் பழக்கம்தான் பிள்ளைகளைக் கீழே தள்ளும்.

நொச்சி:
ரொம்ப நன்றிங்க. 8-ஆம் வகுப்புக் கணித விழுக்காடு அதிகம் என்றால் அங்கே அல்ஜீப்ரா சொல்லித் தருகிறார்கள் என்று எடுத்துக்கலாமா?

வேங்கை:
எடுத்துக்க முடியாது. அல்ஜீப்ரா 1 படித்தாலும் ஜியோமெட்ரி படித்தாலும் 8-ஆம் வகுப்பில் எல்லோரும் எழுதுவது அதே 8-ஆம் வகுப்புத் தேர்வுதான். பள்ளி ஆலோசகருக்கு மின்னஞ்சல் எழுதி மூன்று கேட்டு வைங்க: 8-இல் அல்ஜீப்ரா 1 எத்தனை பிரிவு நடக்கிறது, 7-இல் எந்த மதிப்பெண் வைத்து இடம் தருகிறார்கள், வெளி மாநிலத்திலிருந்து வருபவருக்கு எந்தக் கணித வகுப்பு என்று முடிவு செய்யும் தேர்வு எந்தத் தேதியில். இந்தத் தேதி கோடை விடுமுறைக்கு முன்பே முடிந்துவிடுவதும் உண்டு, ஆகவே வீட்டு ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை காத்திருக்காமல் இப்போதே கேளுங்க.