டெபியன் 12-இல் பைத்தான் 2 இல்லை. பழைய பிக்கிள் கோப்பைத் திறக்க உதவுங்கள்

நண்பர்களே, டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தில் 11-இலிருந்து 12-க்கு மாறினேன். எல்லாம் சரியாகத்தான் போனது. அப்புறம் யோசிக்காமல், தேவைப்படாத பொதிகளை நீக்கும் 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' கட்டளையை அடித்தேன். ஒட்டிக்கொண்டிருந்த பைத்தான் 2.7 போய்விட்டது. 12-இன் களஞ்சியத்திலும் அது கிடையாது. 2020 ஜனவரி 1-ஓடு ஆதரவு முடிந்ததை எடுத்ததில் தப்பில்லை, சோம்பல் என்னுடையது.

பைத்தான் 2-இல் இருந்த என் நிரலை, 2டு3 கருவியை வைத்து பைத்தான் 3-க்கு மாற்றிவிட்டேன். சிக்கல், அது முன்பு சேமித்த பிக்கிள் கோப்பில்தான் (பைத்தான் தன் தரவைச் சேமிக்கும் வடிவம்). என்கோடிங் (எழுத்துக் குறியாக்கம்) 'லத்தீன்1' என்று கொடுத்தால் திறக்கிறது, ஆனால் தமிழ்ப் பெயர்களெல்லாம் கிறுக்கல். 'யூடிஎஃப்-8' கொடுத்தால் தேதி வரும் இடத்தில் டீகோட் பிழை காட்டி நின்றுவிடுகிறது.

லத்தீன்1-இல் திறந்து, பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாகத் திருப்புவதுதான் வழியா? இல்லை, மென்பொருளைத் தனிப் பெட்டிபோல் ஓட்டும் டாக்கரில் பழைய பைத்தானை ஏற்றி, ஜேசான் என்ற உரை வடிவில் தரவை எடுத்துவிடலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். கோப்பின் நகல் பத்திரமாக இருக்கிறது.